கெண்டைக்காலில் தொடங்குவோம்: உடலுறுப்புப் பெயரின் வேரைத் தேட ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் நர்சிங், பிசியோதெரபி முதலாண்டு படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உட்கார்ந்து உடற்கூறுச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலோர் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். கல்லூரியில் சேர்ந்த சில வாரத்திலேயே நூற்றுக்கணக்கான கிரேக்க, லத்தீன் பெயர்கள் தலையில் விழுகின்றன. ஒரு பெயருக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அது மனத்தில் நிற்கிறது. ஆனால் தப்பான காரணமும் அதே அளவுக்கு நிற்கும். பரீட்சையிலும் வார்டிலும் அது இழுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விடும்.

பலர் தடுக்கி விழுவதைப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது, சிக்கல் படிகளின் வரிசையில் இருக்கிறது. எல்லோரும் கதையில் தொடங்குகிறார்கள். கதை கடைசியில் வர வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். எடுத்துக்காட்டாக ஒரே தசையை முழுக்கக் கொண்டுபோகிறேன்: ஆங்கிலப் புத்தகத்தில் காஸ்ட்ரோக்னீமியஸ், நம் பேச்சில் கெண்டைக்கால் சதை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

படம் உள்ள ஒரு உடற்கூறு அட்லஸ், ஒரு போன், ஒரு கட்டு அட்டைகள், பேனா. செலவு அவ்வளவுதான்.

போனில் மூன்று அகராதிகளைத் திறந்து வையுங்கள். முதலாவது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் பின்னிணைப்பு). இரண்டாவது, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி. 1984இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாருங்கள், 1961இன் முதல் பதிப்பு வேண்டாம். இவை இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசம். மூன்றாவது, பெர்சியஸ் தளத்தில் உள்ள கிரேக்க, லத்தீன் அகராதிகள்.

கிரேக்க எழுத்துகள் 24. ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுகிறார்கள், அதனால் முதலில் இதை முடித்துவிடுங்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அரை மணியில் முடிந்தால் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2. சொல்லைத் தொடும் முன் உறுப்பைத் தொடுங்கள்

பெயர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வைத்தார்கள். நாமும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். அகராதியில் தொடங்கினால் அங்கே இருக்கும் பத்துப் பொருளில் எது நமக்குரியது என்று தெரியாது.

எழுந்து நில்லுங்கள். குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நின்று, முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். நடுவில் தடித்து இரண்டு முனையிலும் ஒடுங்கிய ஒரு சதை இறுகும். தொடை எலும்பின் கீழ் முனையில் உள்ள இரண்டு புடைப்புகளிலிருந்து இரண்டு தலையாக அது இறங்குகிறது. கீழே உள்ள சோலியஸ் தசையோடு சேர்ந்து தடித்த நாணாகிக் குதிகால் எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்காட்டுக்கு நடந்தே ஏறி இறங்கியவர்களுக்கு அடுத்த நாள் காலையில் இதை யாரும் காட்டித்தர வேண்டாம்.

அட்டையில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: வடிவம், அது செய்யும் வேலை, பக்கத்தில் என்ன இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் பெரும்பாலான பெயர்கள் பிறந்திருக்கின்றன.

உள்ளுறுப்பு என்றால் ஆட்டுக்கறிக் கடைக்குப் போங்கள். கூட்டம் சேரும் முன் போனால் கடைக்காரர் பொறுமையாகக் காட்டுவார். கல்லீரல் கையில் கெட்டியாக நிற்கும். நுரையீரலை அறுத்து அழுத்தினால் நுரை வரும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஈரல் என்ற ஒரே சொல்லுக்கு முன்னால் கல், மண், நுரை என்று மூன்று அடைமொழி வைத்த ஆள் இதையெல்லாம் தொட்டவர் என்பது அங்கே நின்றால் புரிகிறது. நான் படித்ததைவிட அந்தக் கடையில் கற்றது அதிகம்.

3. மூல எழுத்தை உறுதி செய்யுங்கள்

தமிழில் எழுதிப் படிக்கிறவர்களுக்கு மட்டும் வரும் ஆபத்து ஒன்று உண்டு. நம் எழுத்தில் இரண்டு வேறு சொற்கள் ஒன்றாகிவிடும்.

இலியம் என்று நோட்டில் எழுதியிருக்கிறது. இடுப்பு எலும்பா, சிறுகுடலின் கடைசிப் பகுதியா? மூல எழுத்தில் நடுவில் ஒரே ஒரு உயிரெழுத்து வேறு. தமிழில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. எலும்பின் பெயர் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள பக்கத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குடலுக்கு அதையே எழுதிவைத்த ஒரு மாணவி பாதி ஆண்டு முழுக்கக் குழம்பினார்.

இன்னொன்று மேட்டர். மூளையைச் சுற்றிய கெட்டிச் சவ்வு டியூரா மேட்டர். மூளைக்குள் சாம்பல் நிறப் பகுதி கிரே மேட்டர். முன்னது லத்தீனில் ‘அம்மா’. பின்னது ஆங்கிலத்தில் ‘பொருள்’. இரண்டுக்கும் எழுத்து வேறு.

ஆகவே அட்டையின் தலைப்பில் மூல எழுத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதுங்கள். காதில் கேட்டதை எழுத வேண்டாம். சந்தேகம் வந்தால் 1998இல் வெளியான சர்வதேச உடற்கூறுச் சொற்பட்டியலில் உள்ள வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. எந்த மொழி, எந்தக் காலம் என்று பாருங்கள்

உடற்கூறுப் பெயர்கள் எல்லாமே பழைய கிரேக்கம், பழைய லத்தீன் என்று நினைத்துவிடுகிறார்கள். காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் அகராதியைத் திறந்தால், இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

காதின் மூன்றாவது சிற்றெலும்பு ஸ்டேபிஸ். அங்கவடி என்று பொருள், அதாவது குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம். ரோமானியர்கள் அங்கவடி இல்லாமல்தான் குதிரை ஏறினார்கள். பழைய லத்தீனில் அந்தச் சொல்லே கிடையாது. இடைக்கால லத்தீனில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில்தான் இந்த எலும்புக்குப் பெயரானது.

டியூரா மேட்டர் வேறு வழியாக வந்தது. மூளையின் தாய் என்ற அரபுத் தொடரை 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மொழிபெயர்த்ததில் கிடைத்த பெயர் அது. அரபில் ஒரு பொருளைச் சூழ்ந்து தாங்குவதைத் தாய் என்று சொல்லும் வழக்கம் உண்டு. லத்தீனுக்குள் மட்டும் தேடுகிறவருக்கு ஒரு சவ்வு ஏன் அம்மா ஆனது என்று கடைசிவரை தெரியாது.

நம் காஸ்ட்ரோக்னீமியஸ் நேரடிக் கிரேக்கம். கெண்டைச்சதைப் பகுதிக்குக் கிரேக்க மருத்துவர்கள் வைத்திருந்த பெயர். வால் மட்டும் லத்தீன்.

5. வாலிலிருந்து வெட்டுங்கள்

சொல்லைப் பிரிக்கும்போது எல்லோரும் தலையில் கத்தி வைக்கிறார்கள். வாலில் தொடங்குங்கள். விகுதிகள் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப வரும். அவற்றை எடுத்துவிட்டால் மீதியைப் பிரிக்கத் தவறு குறையும்.

லத்தீனில் சிறுமை காட்டும் விகுதிகளை முதலில் பழகுங்கள். கிளாவிகுலா என்றால் சின்னச் சாவி, அதுதான் காறை எலும்பு. படெல்லா சின்னத் தட்டு, அதாவது முழங்கால் சில்லு. செரிபெல்லம் சின்ன மூளை. மஸ்குலஸ் என்றால் சின்ன எலி; தசைக்கு வந்த பெயர் அதுதான். கிரேக்கத்தில் ‘ஆய்டு’ என்று முடிந்தால் ‘அதன் வடிவில்’ என்று பொருள்: தைராய்டு கேடய வடிவம், டெல்டாய்டு டெல்டா என்ற எழுத்தின் வடிவம், மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு படகு வடிவம்.

இப்போது நம் சொல். ‘அஸ்’ லத்தீன் வால், வெட்டுங்கள். மீதியில் க்னீமே என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள கால். காஸ்டர் என்பது வயிறு. காலின் வயிறு. ஒரு முறை தொட்டுப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இங்கேதான் பலர் விழுகிறார்கள். காஸ்ட்ரோ என்று பார்த்ததும் கேஸ்டிரிக், கேஸ் ட்ரபிள் நினைவுக்கு வந்துவிடுகிறது. கால் பிடிப்புக்கும் வாயுத் தொல்லைக்கும் தொடர்பு இருப்பதாக ஒருவர் ஒரு பக்கமே எழுதிக்கொண்டு வந்தார். கேஸ் என்பது வயிற்றைக் குறித்த சொல்லிலிருந்து வரவே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்ற வேதியியலாளர் கேயாஸ் என்ற கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்து உருவாக்கியது. வயிறு என்ற பொருள் இரைப்பையில் ஓர் இடத்திலும் காலில் இன்னோர் இடத்திலும் நிற்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்ச் சொல்லைப் பிரிப்பதிலும் இதே கவனம் வேண்டும். கெண்டைச்சதைக்கு ஆடுசதை என்றும் பெயர் உண்டு. இது ஆட்டின் சதை இல்லை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: ஆடும் சதை. நடக்கும்போது ஆடுகிறது. பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே நேராகக் கைகொடுக்கிறது.

6. அன்றைக்கு அந்தச் சொல் எதைக் குறித்தது?

வேர் கிடைத்த சந்தோஷத்தில் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். என் கணக்கில் அதிகத் தவறு இங்கேதான்.

நரம்பு என்று எழுதியதும் நம் பாடப்புத்தகம் மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் இழையை நினைக்கச் சொல்கிறது. ஆனால் வார்டில் ஊசி போடும்போது என்ன சொல்கிறோம்? “நரம்பு கெடைக்கல, கையை மடக்கி விடுங்க.” அங்கே தேடுவது சிரை என்ற இரத்தக்குழாயை. சங்கப் பாட்டில் நரம்பு யாழில் கட்டிய தந்தி. இழுத்துக் கட்டியதுபோல நீளமாக, மெலிதாக இருக்கும் எதற்கும் அந்தப் பெயர் பொருந்தியது. உடலைத் திறந்து, இது வேறு அது வேறு என்று பிரித்த பிறகுதான் ஒரு பொருளில் நின்றது. அதுவும் புத்தகத்தில் மட்டும்.

கிரேக்கத்திலும் இதேதான். நியூரான் என்ற சொல் முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்தது. அந்தப் பழைய பொருள் இன்னும் ஒரு பெயரில் உயிரோடு இருக்கிறது: அப்போநியூரோசிஸ். அது தட்டையாக விரிந்த நாண். நியூரோ என்று இருப்பதால் நரம்புத் தாள் என்று எழுதினால் தப்பு.

ஆர்டரியும் அப்படித்தான். ஆர்டீரியா என்பது கிரேக்கத்தில் மூச்சுக்குழாய்க்கும் வழங்கியது. மூச்சுக்குழாயை ‘சொரசொரப்பான ஆர்டீரியா’ என்று பிரித்துச் சொன்னார்கள். அந்த அடைமொழி மட்டும் தனியே நின்று டிரக்கியா ஆனது. டிரக்கியாவுக்கு நேர்ப்பொருள் சொரசொரப்பு என்று கேட்டதும் பிள்ளைகள் தொண்டைக்குக் கீழே விரலை வைத்துக் குருத்தெலும்பு வளையங்களைத் தடவிப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்த நேரம்.

செய்ய வேண்டியது இது: அகராதியில் முதல் பொருளோடு நிறுத்தாமல், மேற்கோள் எந்தக் காலத்து நூலிலிருந்து வருகிறது என்று பாருங்கள். லெக்சிகன் பெரும்பாலான பொருளுக்கு மேற்கோள் தருகிறது. பழைய மேற்கோளில் உள்ள பொருளை அட்டையில் தனி வரியில் எழுதுங்கள்.

7. தமிழ்ப் பெயர் ஊரில் பிறந்ததா, புத்தகத்தில் பிறந்ததா?

சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. காதுச் சிற்றெலும்புகளுக்கு நம் பாடநூல் தரும் பெயர்கள். லத்தீன் பெயர்களும் சுத்தி, பட்டடை, அங்கவடிதான். உடனே “நம் முன்னோரும் அப்படியே பார்த்திருக்கிறார்கள்” என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. இவை மொழிபெயர்ப்புகள். சிறுமூளையும் கேடயச் சுரப்பியும் அப்படியே. அதில் குறை ஒன்றும் இல்லை, நல்ல மொழிபெயர்ப்புகள்; ஆனால் அவற்றை வைத்துத் தமிழரின் பார்வையைப் பற்றிப் பேச முடியாது.

எதிர்ப்பக்கம் கண்ணின் பாவை. லத்தீனில் புபில்லா, சின்னப் பொம்மை. கிரேக்கத்தில் கோரே, சிறுபெண். தமிழில் பாவை என்றால் பொம்மை, பெண், கருமணியின் நடு. இது மொழிபெயர்ப்பா? குறள் 1123 “கருமணியிற் பாவாய்நீ போதாயாம்” என்று தொடங்குகிறது. கருமணியில் இருக்கும் பாவையைப் போகச் சொல்லி, காதலிக்கு இடம் கேட்கிறான். ஐரோப்பிய மருத்துவ நூல் தமிழுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே சொல் வழக்கில் இருந்திருக்கிறது. எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் நம் உருவம் சின்னதாகத் தெரிவதை யாரும் எங்கேயும் பார்க்கலாம். பார்த்தவர்கள் தனித்தனியே ஒரே பெயருக்கு வந்திருக்கிறார்கள்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது காலம்தான். பழைய இலக்கியத்திலோ, ஊர்ப்பேச்சிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் 19ஆம் நூற்றாண்டுக்கு வாருங்கள்: யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884) உடற்கூறு நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். பாடநூலில் மட்டும் கிடைத்து, வேறெங்கும் இல்லாத சொல் என்றால் மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

காறை எலும்பை உங்களுக்கே விடுகிறேன். காறை கழுத்தில் போடும் வளைய நகை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்யும் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆங்கிலமும் கழுத்துப்பட்டை எலும்பு என்றே சொல்கிறது. காலத்தைத் தேடுங்கள்.

8. பக்கத்து வீட்டு மொழிகளைக் கேளுங்கள்

தமிழ்ச் சொல்லின் வேரைத் தமிழுக்குள் மட்டும் தேடினால் ஒற்றைக் கால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு நான்கையும் பார்க்க வேண்டும். கால் என்ற சொல் மலையாளத்தில் கால், கன்னடத்தில் காலு, தெலுங்கில் காலு, துளுவில் காரு. இப்படிப் பரந்து கிடந்தால் சொல் மிகப் பழையது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. தறி நெய்யும் தேவாங்கர் வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள், தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய. கெண்டைக்காலைக் காட்டிக் கேட்டேன். தெலுங்கில் பிக்க. மலையாளத்தில் கால்வண்ண என்பது எனக்கு முன்பே தெரியும். இரண்டும் நமக்கு உதவவில்லை. கன்னடம் பேசும் ஒரு பாட்டி, “மீனகண்ட” என்றார். எனக்கு மயிர் சிலிர்த்தது. மீன் இருக்கிறது! வீட்டுக்கு வந்து கன்னட அகராதியில் பார்த்தேன். இருக்கிறது.

கேட்கும் முறையில் ஒரு எச்சரிக்கை. சேர்வராயன் மலை ஊர்களுக்குச் சொல் கேட்கப் போன இரண்டு மாணவர்கள், “இதைக் கெண்டைக்கால்னுதானே சொல்வீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். பெரியவர் மரியாதைக்கு “ஆமாங்க” என்றார். அந்த நாள் முழுக்க வீண். உங்கள் காலைத் தொட்டுக் காட்டி, “பெரியப்பா, இதுக்கு இங்க என்ன பேருங்க?” என்று கேளுங்கள். சொல்லை நீங்கள் முதலில் உச்சரிக்கக் கூடாது. காப்பித் தோட்டத்தில் வேலை நடக்கும் நேரத்தில் போகாதீர்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது போங்கள்.

9. ஒலிக்கணக்கைப் போடுங்கள்

மீனகண்ட ஒரு பதிலும் ஒரு கேள்வியும் சேர்த்தே கொடுத்தது. அதில் மீனும் இருக்கிறது, கண்டமும் இருக்கிறது. கண்ட என்றால் கன்னடத்திலும் தெலுங்கிலும் சதை. அப்படியானால் நம் கெண்டை எது? மீனா, சதையா?

இங்கே ஆசைக்கு இடமில்லை, ஒலி மாறும் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். பேச்சுத் தமிழில் முதலெழுத்து அகரம் எகரமாவது உண்டு: கங்கை கெங்கை, பலம் பெலம், ஜனம் செனம், கடிகாரம் கெடியாரம். கண்டை கெண்டை ஆகியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சொற்களை அடுக்கிப் பாருங்கள். எல்லாமே மூலமொழியில் அழுத்தி ஒலிக்கும் எழுத்தில் (ga, ba, ja போல) தொடங்குகின்றன. கதை கெதை ஆவதில்லை. பழம் பெழம் ஆவதில்லை. சதையைக் குறிக்கும் கண்டவின் முதலெழுத்து அழுத்தாத வகை (ka). எனவே அந்த வழி பலவீனமானது. கெண்டை மீன் என்ற பொருளுக்கோ எழுத்தை மாற்றவே வேண்டியதில்லை, சொல் அப்படியே நிற்கிறது. கன்னடத்தின் மீனும் துணைக்கு வருகிறது. என் தீர்ப்பு மீன் பக்கம்.

ஒலிக்கணக்கு போடாதவர்கள் விழும் குழிகளில் ஆழமானது கால்கேனியஸ். குதிகால் எலும்பு. ‘கால்’ கண்ணில் பட்டதும் இது தமிழ் என்று எழுதிவிடுகிறார்கள். லத்தீனில் கால்க்ஸ் என்றால் குதிகால். அதில் உள்ள க் வேரின் பகுதி, வெட்டி எறிய முடியாது. நம் காலில் அந்த க் எந்தத் திராவிட மொழியிலும் இல்லை. அதோடு, சுண்ணாம்பைக் குறிக்கும் இன்னொரு கால்க்ஸும் லத்தீனில் உண்டு. கால்சியம் அதிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, சொல் இரண்டு. எலும்பில் கால்சியம் இருப்பதால் அந்தப் பெயர் என்று எழுதுகிறவர்கள் அங்கே விழுகிறார்கள்.

தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். இந்த ஊரில் வேர்ச்சொல் பேசினால் அவர் பெயர் வராமல் போகாது. ஒரு வேரிலிருந்து கிளைக்கும் தமிழ்ச் சொற்களைக் கூட்டமாக அடுக்கிப் பார்க்கும் அவர் பழக்கத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டி லத்தீனுக்குக் கயிறு கட்டும் முன் மட்டும் மேலே சொன்ன கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள்.

10. கதைக்கு இப்போதுதான் முறை

மீன் என்று முடிவானபின் ஏன் மீன் என்று கேட்கலாம். இரண்டாம் படியின் அட்டையை எடுங்கள். நடு தடித்து, முனைகள் ஒடுங்கிய வடிவம். விரல்நுனியில் ஏறி இறங்கும்போது தோலுக்கடியில் அது புரள்கிறது. ரோமானியர் தசையில் எலியைப் பார்த்தது இதே அசைவால்தான் என்று சொல்வார்கள். காவிரிக்கும் ஏரிக்கும் பக்கத்தில் இருந்தவர்கள் கெண்டையைப் பார்த்தார்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. கெண்டைச்சதைக்குக் கீழே உள்ள சோலியஸ் தசையின் பெயருக்கு மூலமான சோலியா, லத்தீனில் செருப்புக்கும் ஒரு தட்டை மீனுக்கும் பெயர். மேலே தமிழ் மீன், கீழே லத்தீன் மீன்! எத்தனை பேர் இதை இணைத்துக் கட்டுரை எழுதக் கிளம்பினார்கள் தெரியுமா? தசை வேறு, மீன் வேறு, காலம் வேறு. பாவை விஷயத்தில் இரண்டு மொழியும் ஒரே உறுப்பை ஒரே பொருளாகப் பார்த்தன. இங்கே அது இல்லை.

கடையில் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பெயர். சுவரில் எறிந்தால் ஒட்டும், அதனால் அந்தப் பெயர் என்று கடைக்காரர் சொல்வார். ஆட்டின் வயிற்றைத் திறக்கும்போது பக்கத்தில் நின்றால் இன்னொன்றும் தெரியும்: மண்ணீரல் பெரிய இரைப்பையின் சுவரோடு ஒட்டியே இருக்கிறது. இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. இரண்டுக்கும் பழைய மேற்கோள் வேண்டும். அதுவரை இரண்டையும் ‘கதை’ என்ற தலைப்பில் எழுதி வையுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்காதீர்கள்.

11. அட்டையை முடிப்பது

ஒவ்வொரு அட்டையிலும் கடைசி வரி ஒரு தரக்குறி. நான் மூன்று வைத்திருக்கிறேன்: உறுதி, வாய்ப்பு, கதை. காஸ்ட்ரோக்னீமியஸ், காலின் வயிறு: உறுதி. கெண்டைக்கால், கெண்டை மீனின் வடிவம்: வாய்ப்பு, வலுவானது, கன்னட மீனகண்ட சான்று. சுவரொட்டி: கதை.

தரக்குறியைப் பென்சிலில் எழுதுங்கள், பக்கத்தில் தேதியும் போடுங்கள். கெண்டைக்கால் அட்டையில் நான் முதலில் எழுதியிருந்தது ‘கதை’. அந்தப் பாட்டி மீனகண்ட என்று சொன்ன அன்று அதை அழித்தேன்.